மேற்குச் சுவர்

எங்கள் ஊரில் ஒரு வீட்டைக் காட்டி இது யாருடைய வீடு என்று கேட்டால் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள். கட்டினவனின் பெயரைச் சொல்லமாட்டார்கள். மகளுக்குக் கலியாணம் என்றால் தகப்பன் வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளே, நாம் இருக்கிற இந்த வீடும் உங்கள் அம்மாவுக்கு அவளுடைய அப்பா கட்டிக் கொடுத்ததுதான். நான் இத்தனை வருடமும் இங்கே ஒரு விருந்தாளி. நேரத்துக்குச் சோறு போடுகிறார்கள், குறை சொல்லமுடியாது.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், இந்த வழக்கம் தெரியாவிட்டால் என் அப்பா செய்ததும் நான் செய்ததும் உங்களுக்கு விளங்காது. என் வயதுக்காரர் யாராவது படித்தால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அவர்கள் வளவுகளிலும் இப்படி ஏதாவது ஒன்று நடந்திருக்கும்.

எங்கள் வளவு கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், ஆற்றோரமாக இருந்தது. புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அப்பாவுக்கு வேளாண்மை ஆற்றுக்கு அந்தப் பக்கம், படுவான்கரை வயல் வட்டையில். விடிய ஒரு தோணி போகும், பொழுதுபட ஒரு தோணி வரும். விதைப்பும் அறுப்பும் இல்லாத மாதங்களில் அப்பா வளவிலேயே நிற்பார். அப்படி நிற்கிற காலமெல்லாம் அவர் அக்காவுக்கு வீடு கட்டினார்.

அம்மாவுக்குச் சீதனமாக வந்த பழைய வீட்டைக் கறையான் தின்றுவிட்டது. எனக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா அதைப் பிரித்துப் போட்டார். பிரித்த கையோடு வளவின் பின்பக்கம் கம்பு நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண் அப்பி, தென்னோலைக் கிடுகு வேய்ந்து ஒரு மண்வீடு போட்டார். எட்டே நாளில் வேலை முடிந்தது. அக்காவுக்குக் கல்வீடு கட்டி முடியும்வரை நாங்கள் எல்லோரும் அதில் இருப்பது, முடிந்தபின் அப்பாவும் அம்மாவும் நானும் அதிலேயே இருந்துவிடுவது. அதுதான் ஏற்பாடு.

பிறகு கல்வீடு தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அதுதான் முதல் கல்வீடு. ஆற்றில் தோண்டிய மட்டிச் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கிளம்பும் அந்தச் சூடான வாசனை இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. செங்கல் தோணியில் வந்து இறங்கும். நான் ஒன்றொன்றாகத் தலையில் வைத்துச் சுமப்பேன், அக்கா நாலு நாலாகச் சுமப்பார். முதல் வருடம் அத்திவாரமும் மூன்று பக்கச் சுவரும். இரண்டாம் வருடம் கூரைக்கு ஓடு. மூன்றாம் வருடம் இரண்டு அறைக்குச் சீமெந்துத் தரை. ஆற்றைப் பார்த்த மேற்குப் பக்கம் மட்டும் சுவரில்லாமல், கூரையைத் தாங்க இரண்டு மரத்தூணோடு, கிடுகால் மறைத்துக் கிடந்தது.

வீட்டுக்கு ஓடு போட்ட பிறகு, ஓட்டைக் கள்ளர் இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்பா காவலுக்கு அங்கே படுத்தார். எங்கள் ஊரில் அதுவரை யாருடைய ஓட்டையும் யாரும் களவெடுத்ததில்லை. எடுப்பதற்கு ஓடே இருக்கவில்லை. அப்பாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வசதி என்று அம்மா அடுப்பை அங்கே மாற்றினார். தனியாகப் படுக்கப் பயம் என்று நான் போனேன். அக்கா மட்டும் தனியாக மண்வீட்டில் இருக்கமுடியாது என்று அவரையும் கூப்பிட்டுக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் குடும்பம் முழுவதும் அக்காவின் சீதன வீட்டில் குடியிருந்தது. காவல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். மண்வீட்டில் வைக்கோலும் மண்வெட்டியும் கிடந்தன. அக்கா மட்டும் வெள்ளிக்கிழமைகளில் போய் அதன் தரையைச் சாணி போட்டு மெழுகிவிட்டு வருவார். ஆருக்கு மெழுகிறாய், வைக்கோலுக்கா என்று அம்மா சிரிப்பார்.

வடக்குப் பக்க அறையின் சுவரைக் கட்டும்போது அப்பா என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சின்ன மாடம் விட்டிருந்தார். இது உனக்கு என்றார். அதில் நான் சோடாப் போத்தல் குண்டு இரண்டு, ஒரு சங்கு, சிலேட்டுக் குச்சி, வட்டையில் கண்டெடுத்த மயில் இறகு எல்லாம் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த முதல் இடம் அதுதான். நானும் ஒரு ஆண்பிள்ளை, நாளைக்கு யாரோ ஒருத்தியின் வீட்டுக்குப் போகப்போகிறவன் என்பது அப்போது தெரியாது.

அப்பா வேலையில் மகா கவனம். காத்தான்குடியிலிருந்து ஒரு ஓடாவியார் வந்து முன்கதவு செய்தார். முதிரைப் பலகை, மெழுகு பூசியதுபோல மினுங்கும். அப்பா அதில் விரலால் தடவி, ஒரு கணு இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். ஓடாவியார் வேறு பலகை போட்டுக் கொண்டுவந்தார். கீழ்ப்பக்கம் ஒரு நூல் இடைவெளி என்றார் அப்பா. மூன்றாம் தரம் ஓடாவியார் கதவை வண்டிலிலிருந்து இறக்காமலே கேட்டார்.

"இது கதவா, இல்லாட்டிச் சோதினையா? இந்த வயசில என்ன நீங்க மூணு தரம் பெயிலாக்கிப்போட்டீங்க."

அப்பாவும் சிரித்துவிட்டார். ஆனாலும், மகளுக்குக் கொடுக்கிற வீடு, அரைகுறையாகக் கொடுக்கமுடியாது என்று சொல்லி அந்தக் கதவையும் இன்னொரு கிழமை வைத்துப் பார்த்தே ஏற்றார்.

ஊர் முழுவதும் அப்பாவைப் புகழ்ந்தது. பெட்டைப்பிள்ளையைப் பெற்ற தகப்பன்மாருக்கு அவரைக் காட்டிச் சொல்வார்கள். மற்றவர்கள் நாலு சுவரும் ஒரு கூரையும் போட்டு மகளைத் தள்ளிவிடுகிறார்கள், இவரைப் பார், மூன்று வருடமாக ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைக்கிறார். எனக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும். அம்மா கிணற்றடியில் மற்றப் பெண்களிடம், அவருக்கு மகளெண்டா உசிர் என்று சொல்லிச் சொல்லி அதை நம்பியும் விட்டார். பொய்யும் இல்லை. அவருக்கு அக்கா உயிர்தான்.

ஆனால் நான் பிந்தி யோசித்துப் பார்த்தது ஒன்று உண்டு. அப்பா பிறந்த வீடு அவருடைய அக்காவுக்குப் போனது. அவர் மாப்பிள்ளையாக வந்த வீடு அம்மாவுடையது. ஐம்பது வயதுக்குக் கிட்டே, தன் கையால் கட்டிய, தனக்குப் பிடித்த மாதிரி யன்னலும் மாடமும் வைத்த ஒரு வீட்டில் முதல்முதலாகப் படுத்து எழும்பினார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தச் சீமெந்துத் தரையில் பாய் போடாமல் வெறும் மேலோடு படுத்து, உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே கண் மூடுவார். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அன்றைக்கு விளங்கவில்லை.

அக்காவுக்கு மாப்பிள்ளை தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அவருடைய மகன் இருந்தார். உரிமை மச்சான். ஊரூராகப் போய் மேசன் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தண்ணீர் கேட்பார். அக்கா செம்பை நீட்டுவார். அந்தச் செம்பு ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குப் போக எடுக்கும் நேரம் கொஞ்சம் கூட என்பது எனக்கே தெரியும்.

சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த நாள் மாமா வந்தார். அம்மா வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மாமா வெற்றிலை எடுக்கவில்லை.

"அத்தான், மூணு வருசம் பாத்திட்டன். கிரான் பக்கம் ஒரு இடத்தில இருந்து என்ட மகனக் கேக்காங்க. வீடு முடிஞ்சி கிடக்கு, கொஞ்ச வயலும் இருக்கு. நான் இன்னும் ஓமெண்டு சொல்லல்ல."

"வீடு முடியட்டும் எண்டுதானே பாக்கன்," என்றார் அப்பா. "அரைகுறை வீட்டில மகளக் குடி வெக்க ஏலுமா?"

"முடிஞ்ச வீடு ஆவணிக்குள்ள இருக்கோணும். இல்லாட்டி நான் கிரானுக்கு ஓம் சொல்லிருவன். மறுகா என்னில பிழை சொல்லப்படாது."

அதன்பிறகுதான் வெற்றிலை எடுத்தார். அக்கா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணிக்கு நாலு மாதம் இருந்தது. மிச்சம் இருந்தது மேற்குச் சுவர் ஒன்றுதான்.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு, அந்த நேரம் சாந்து குழைக்கக்கூடாது என்றார் அப்பா. ஆனி பிறந்ததும் கோடை வேளாண்மைக்குப் பன்றிக் காவல் என்று வட்டைக்குப் போய்விட்டார். பன்றி உண்மையாகவே வந்ததுதான். ஆனால் மற்ற வருடங்களில் அந்தக் காவலுக்கு ஆள் வைப்பார்.

அப்பா போன மூன்றாம் நாள் மச்சான் கரண்டியும் மட்டப்பலகையும் தூக்கிக்கொண்டு வந்தார். மாமி, சுவர நான் கட்டிவிடுறன் என்று அம்மாவிடம் சொன்னார். அவர் வரட்டும் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். பிறகு பேசாமல் போய் இறால் உரிக்கத் தொடங்கினார். எங்கள் அம்மா ஒரு காரியத்துக்கு ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் இருப்பதற்கு எப்போதும் உரிக்கவோ கொழிக்கவோ ஏதாவது வைத்திருப்பார். கல்வீட்டுக் குசினியில் புகைபோக்கி இருந்தது. மண்வீட்டில் இல்லை. அவருக்கும் அந்த வீட்டில் ஒரு மாடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் ஒன்பது நாள் வேலை செய்தார். அக்கா கல் எடுத்துக் கொடுத்தார், சாந்து குழைத்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் சுமந்தேன். அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அதற்கு முந்தி மூன்று வருடத்திலும் கேட்டதில்லை. சுவரில் ஆற்றைப் பார்த்து ஒரு அகலமான யன்னல் வைத்தார்கள். அந்த யன்னலால் பார்த்தால் படுவான்கரை மரங்கள் தெரியும்.

பதினைந்து நாள் கழித்து அப்பா தோணியால் இறங்கி வந்தார். ஆற்றங்கரையிலேயே நின்று பார்த்தார். பிறகு வந்து சுவரைத் தடவினார். நல்ல வேலை என்றார். அம்மா ஊற்றிய எருமைத் தயிரைத் தொடாமல் எழும்பினார். மூன்று நாள் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து சுருட்டுப் பற்றவைப்பார், அணைந்தது தெரியாமல் வாயில் வைத்திருப்பார். எங்கள் சட்டிபானையை மண்வீட்டுக்கு எப்போது கொண்டுபோவது என்று அம்மா ஒரு தரம் கேட்டார். அப்பா கேட்காததுபோல இருந்தார்.

நாலாம் நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். பிள்ளைகளே, இனி எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள்.

மேசன்மாரிடம் தூக்குக்குண்டு என்று ஒரு சாமான் இருக்கும். ஒரு மரக்கட்டை, அதன் நடுவால் போகிற நூல், நூலின் நுனியில் பித்தளைக் குண்டு. கட்டையும் குண்டும் ஒரே அகலம். கட்டையைச் சுவரின் மேலே ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே தொங்கவிட்டால், குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். நின்றால் சுவர் நேர். விலகி நின்றால் சரிவு. மேலே பிடிக்க ஒருவர், கீழே பார்க்க ஒருவர் வேண்டும்.

அப்பா பலகைமேல் ஏறிக் கட்டையைப் பிடித்தார். நான் கீழே குந்தியிருந்து குண்டைப் பார்த்தேன். அது ஆடி, ஆடி, நின்றது. சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"என்ன மனே, விலகித்தானே நிக்குது?" என்றார் அப்பா.

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதட்டல் இல்லை. பெரியவர்கள் பெரியவர்களிடம் கேட்பதுபோல, எனக்குத்தான் தெரியும் என்பதுபோல கேட்டார். அதற்கு முந்தி அப்பா என்னிடம் ஒன்றையும் அப்படிக் கேட்டதில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. எனக்கு வடக்கு அறை மாடமும் சோடாக் குண்டும் மயில் இறகும் ஞாபகம் வந்தன. சுவர் நேர் என்றால் நாளைக்கே மண்வீடு.

"ஓம் அப்பா. விலகித்தான் நிக்குது."

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். நான் நினைச்சன் என்றார். பலகையிலிருந்து மறுபக்கத்தால் இறங்கினார். இந்தப் பக்கம் வந்து குனிந்து ஒரு தரம் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? அவர் வரவில்லை. நேரே போய் அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

சாந்து இன்னும் பச்சை. கல்லெல்லாம் உடையாமல் முழுதாக வந்தன. அப்பா இடிக்க நான் கல்லை எடுத்துப் போட்டேன். அக்கா முதலில் கிணற்றடியில் நின்று பார்த்தார். பிறகு வந்து அந்தக் கற்களை நாலு நாலாகச் சுமந்துபோய் ஒரு ஓரமாக அடுக்கினார். மகளுக்கு மேல விழுந்தா ஆர் பதில் சொல்ற என்று அம்மா வேலிக்கு அங்கால் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் ஓம் ஓம் என்றாள். மத்தியானத்துக்குள் மேற்குப் பக்கம் பழையபடி வெளிச்சமாகக் கிடந்தது. அப்பா ஆசையாகச் சாப்பிட்டார். தயிரை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

அடுத்த நாளே மாமாவும் மச்சானும் வந்தார்கள். மாமா வளவுக்குள் கால் வைக்கும்போதே குரல் வந்தது.

"என்ட மகன் கட்டின சுவர் சரிஞ்சதா? அவன் கட்டின பள்ளிக்கூடத்தில நூறு பிள்ளையள் இருந்து படிக்குதுகள். ஒரு ஓடு விழல்ல."

"கோவிக்காதீங்க. குண்டு பிடிச்சுத்தான் பாத்த. இவன்தான் கீழ நிண்டவன், இவன்ட்டக் கேளுங்க." அப்பா என் தோளில் கை வைத்தார். "சின்னப் பிள்ளை பொய் சொல்லுமா?"

மாமா என்னைப் பார்த்தார். மச்சானும் பார்த்தார். ஒரு விரல் மாமா என்றேன் நான். விரலையும் தூக்கிக் காட்டினேன். மச்சான் என் விரலைப் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். சுண்ணாம்பு தின்ற கை, நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. எனக்கு அன்றைக்கு வெட்கம் வரவில்லை என்பதையும் எழுதவேண்டும். அப்பாவின் கை தோளில் இருந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

மழைக்கு முந்தி இன்னொரு தரம் ஆறுதலாகக் கட்டுவோம், ஆவணி இல்லாவிட்டால் தை இருக்கிறது என்று அப்பா சொன்னார். மாமா தோளில் கிடந்த சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பினார். நாளைக்குக் கிரானுக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார்.

அப்போதுதான் அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தார். பெரியவர்கள் கலியாணம் கதைக்கும் இடத்துக்குப் பெண் வருவது அந்த நாளில் இல்லாத காரியம். கையில் அகப்பை இருந்தது, அதை வைத்துவிட்டு வர மறந்துவிட்டார்.

"மாமா, முடிஞ்ச வீடு இருந்தா ஆவணியில செய்யலாந்தானே?"

"ஓம் மகள். அது எங்க இருக்கு?"

அக்கா அகப்பையால் பின்பக்கம் காட்டினார்.

"அந்தா. அப்பா எட்டு நாளில முடிச்ச வீடு. அத எனக்குச் சீதனமாத் தாங்க."

கோழி ஒன்று வட்டாவுக்குக் கிட்டே வந்து வெற்றிலையைக் கொத்தியது. யாரும் துரத்தவில்லை.

"அது எனக்கும் அம்மாவுக்கும் எண்டு போட்ட வீடு புள்ள," என்றார் அப்பா. "உனக்குத்தானே இது. உனக்காகத்தானே நான் இவ்வளவு காலமும்..."

"நீங்க இதில இரிங்க அப்பா. ஓட்டுக்குக் காவலும் வேணுந்தானே."

அவர் அதைச் சொன்ன விதத்தில் குத்தல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சாதாரணமாகத்தான் சொன்னார். மாமா தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். கல்வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறான் என்று ஏறாவூர்ச் சந்தைவரை சொல்லி வைத்திருந்தவர் அவர். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"எனக்குச் சரி. மண் சுவருக்குக் குண்டு பிடிக்கத் தேவல்ல."

ஆவணியில் கலியாணம் நடந்தது. மண்வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். மாமா கோபத்தோடுதான் வந்தார், கோபத்தோடுதான் இரண்டு தரம் சாப்பிட்டார். மாப்பிள்ளை குனிந்து அந்தத் தாழ்ந்த வாசலுக்குள் போனபோது பெண்கள் குரவையிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் இரவில் கல்வீட்டுக்கு வந்து படுத்தோம்.

ஊர் என்ன சொல்லும் என்று அம்மா பயந்தார். ஊர் நல்லதைத்தான் சொன்னது. பெற்றவர்களைக் குடிசைக்கு அனுப்ப மனமில்லாத பிள்ளை என்று அக்காவைப் புகழ்ந்தார்கள். அப்பா முதலில் அதைத் தலை குனிந்து கேட்டார். பிறகு தலையாட்டினார். ஒரு மாதம் போனபின், மகள்ட விருப்பம், நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன் என்று அவரே சொல்லத் தொடங்கினார். அங்கே காற்று நல்லம், அதுதான் அவவுக்கு அது பிடிச்ச என்று அதற்கு மேலும் ஒன்று சேர்த்தார். அக்கா ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை. தகப்பனுக்குப் பிடித்த மீன் வந்தால் ஒரு கோப்பையில் கறி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

மேற்குச் சுவர் மட்டும் எழும்பவேயில்லை. ஆவணி முடிந்தது, புரட்டாதி முடிந்தது. இனி எதற்காக அவசரம் என்றும் ஒருவரும் கேட்கவில்லை, எதற்காகத் தாமதம் என்றும் கேட்கவில்லை. அப்பா சில நாள் கரண்டியை எடுத்துக் கழுவுவார், திரும்ப வைத்துவிடுவார்.

ஐப்பசிக் கடைசியில் மாரி பிடித்தது. ஒரு நாள் மத்தியானம் ஆற்றுப் பக்கமிருந்து மழை சாய்ந்து அடித்தது. மேற்குப் பக்கத்துக் கிடுகு பிய்ந்து பறந்தது. அந்த மினுங்கிய தரையில் தண்ணீர் ஓடியது. அப்பா பாயையும் நெல்லு மூட்டையையும் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு அறையில் பானை வைத்தார். அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கால வாங்க, அங்க நனையாது என்று கூப்பிட்டார். அம்மா போனார். அப்பா போகவில்லை. இது சின்னச் சாரல்தான், நான் வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் என்றார். முழங்கால்வரை வேட்டி நனைந்திருந்தது.

நான் அக்காவோடு சாக்குக்குள் ஒடுங்கிக்கொண்டு மண்வீட்டுக்கு ஓடினேன். உள்ளே சூடாக இருந்தது. ஒரு துளி ஒழுகவில்லை. மச்சான் வேலைக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் ஈர முடியை உலர்த்திக்கொண்டிருந்தார். அக்கா என் தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே மெதுவாக, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னார்.

"அந்தச் சுவரக் கட்டக்குள்ள நான்தான் கீழ நிண்டு குண்டு பாத்தன். ஒவ்வொரு வரிக்கும் பாத்தன். நேராத்தான் இருந்த."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா இறங்கி வந்து பாக்கல்ல. அதால அவர் பொய் சொல்லல்ல. அவருக்குத் தெரியா. நீதான் பாத்தாய். உன்ட கண்ணுக்குக் குண்டு எப்பிடி நிண்ட?"

கோபமில்லை அவருக்கு. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். தன் கண் பிழைத்ததா என்றுகூட நினைத்திருக்கலாம். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"காத்து அடிச்ச, அக்கா," என்றேன். "குண்டு ஆடின. எனக்குச் சரியா விளங்கல்ல."

அக்காவின் கை கொஞ்சம் நின்றது. பிறகு திரும்பவும் துவட்டினார்.

"ஓம், காத்தாத்தான் இருக்கும்," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் அதைக் கேட்கவில்லை. ஐந்து பிள்ளைகளை அந்த மண்வீட்டிலேயே பெற்று வளர்த்தார். இப்போது அவர் இல்லை. அப்பாவும் இல்லை, மச்சானும் இல்லை. அப்பா தன்னை ஏமாற்றிக்கொண்டார் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது சொல்லச் சுலபமாக இருந்தது. உங்களுக்கும் சிறுவயதில் இந்தச் சுவர்க் கதையைப் பல தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் காற்றைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், அந்தக் காற்று என் முகத்தில் பட்டதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது.

அன்றைக்குக் காற்று இல்லை.